பெரியவங்க விட்ட இடத்துல பிளேன் கட்டின எம்ப்ரேயர்

1995 ஆகஸ்ட் 10, இந்தோனேசியாவுல பாண்டுங் ஊர்ல என்-250னு ஒரு புது பிளேன் முதல் தடவையா மேல ஏறிச்சு. அந்த முதல் பிளேனுக்கு அவங்க வச்ச பேரு கடோத்கஜன், ஆமா நம்ம மகாபாரதத்துல வர்ற பீமன் மகனே தான், ஜாவாக்காரங்க கதைல அவன் வானத்துல பறக்குற வீரன். அந்த நாள இன்னிக்கும் அங்க தேசிய தொழில்நுட்ப நாளா கொண்டாடுறாங்க. மறுநாள் ஆகஸ்ட் 11, பூமிக்கு அந்தப் பக்கம் பிரேசில்ல சாவோ ஜோசே டோஸ் காம்போஸ்ங்குற ஊர்ல இன்னொரு பிளேன் முதல் தடவையா பறந்துச்சு, ஈஎம்பி-145னு பேரு, பின்னாடி ஈஆர்ஜே-145னு மாத்தினாங்க.

ரெண்டுமே சுமார் 50 பேர் போற சைஸ். ரெண்டுமே பணக்கார நாடுன்னு சொல்ல முடியாத நாட்டுல இருந்து வந்தது, ரெண்டு கம்பெனியுமே ராணுவத்துக்காரங்க ஆண்ட காலத்துல அரசாங்கமே ஆரம்பிச்சது. ஆனா என்-250 ரெண்டு பிளேனோட நின்னுபோச்சு, 1998ல ஆசிய பொருளாதார நெருக்கடி வந்தப்ப சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) கடன் குடுக்க போட்ட கண்டிஷன்ல ஒன்னு அந்த விமான கம்பெனிக்கு அரசாங்கம் பணம் போடக்கூடாதுங்குறது, அதோட கதை முடிஞ்சுது. பிரேசில் பிளேன் ஆயிரத்துக்கும் மேல வித்துச்சு. அத செஞ்ச எம்ப்ரேயர் இன்னிக்கு போயிங், ஏர்பஸ்ஸுக்கு அடுத்து உலகத்துல மூணாவது பெரிய பயணிகள் விமான கம்பெனி.

இந்த வித்தியாசத்துக்கு காரணம் கேட்டா நிறைய பேர் 'தனியார்மயம்'னு ஒரே வார்த்தைல முடிச்சிடறாங்க. எனக்கு அது பாதி பதில் கூட இல்லன்னு தோணுது. இந்தக் கம்பெனிய பத்தி பல வருஷமா படிச்சிட்டு வர்றதுல எனக்கு புரிஞ்சது என்னன்னா, பிளேன்ல எந்த வேலைய கைல வச்சுக்கணும், எத வெளிய வாங்கிக்கலாம், எத்தனை சீட்டுக்கு மார்க்கெட்ல சரியான பிளேன் இல்லாம இருக்கு, இந்தக் கணக்க அவங்க பெரும்பாலும் சரியா போட்டாங்க, ஒரு தடவை பெருசா தப்பா போட்டப்ப கம்பெனியே சாகப் பார்த்துச்சு.

கதை ஃபேக்டரில ஆரம்பிக்கல, காலேஜ்ல ஆரம்பிக்குது. கசிமிரோ மொன்டெநெக்ரோனு ஒரு விமானப்படை ஆபீசர். 1931ல ரியோல இருந்து சாவோ பாலோவுக்கு பிரேசில் ராணுவத்தோட முதல் ஏர்மெயில் பறந்தப்ப அதுல போன ரெண்டு பேர்ல ஒருத்தர், அன்னிக்கு அவங்க கொண்டுபோனது மொத்தமே ரெண்டு லெட்டர் தான். இவர் 1940கள்ல அமெரிக்கா போய் அங்க பேர்போன தொழில்நுட்ப பல்கலைக்கழகமான எம்ஐடிய பார்த்துட்டு வந்து, நமக்கு முதல்ல தேவை விமானம் இல்ல, விமானம் டிசைன் பண்ணத் தெரிஞ்ச ஆளுங்கன்னு விடாப்பிடியா நின்னார். எம்ஐடி பேராசிரியர் ரிச்சர்ட் ஸ்மித்தையே கூட்டிட்டு வந்தாங்க. 1950ல ஐடிஏனு ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பக்கத்துலயே ஆராய்ச்சி மையம் சிடிஏ, எல்லாம் சாவோ பாலோவுக்கு வெளிய சின்ன ஊரா இருந்த சாவோ ஜோசே டோஸ் காம்போஸ்ல. எம்ப்ரேயர் ஆரம்பிச்சது 1969ல. நடுவுல 19 வருஷம், அதுவரைக்கும் வருஷா வருஷம் அந்த காலேஜ்ல இருந்து ஆளுங்க படிச்சு வெளிய வந்துக்கிட்டே இருந்தாங்க. பல நாடுகள் இந்த வரிசைய தலைகீழா பண்ணி தான் மாட்டிக்கிச்சு, முதல்ல ஃபேக்டரி, அப்புறம் லைசென்ஸ், அதுக்கப்புறம் ஆள் தேடுறது.

அந்த 19 வருஷமும் வெற்றியா போச்சுன்னு இல்ல. ஹெலிகாப்டர் உலகத்துல பெரிய பேரான ஹைன்ரிக் ஃபோக்கேவ ஜெர்மனில இருந்து வரவச்சு, நேரா மேல ஏறி அப்புறம் பிளேன் மாதிரி பறக்குற ஒரு கலப்பு விமானம் செய்யப் பார்த்தாங்க, அது கடைசி வரைக்கும் பறக்கல. ஆனா அதுல வேலை பார்த்தவங்க கைல இருந்த பாடம் வீணாகல.

இப்ப ஓசிரெஸ் சில்வா. அவரும் விமானப்படை பைலட், 1962ல ஐடிஏல படிச்சு முடிச்சவர். அவரோட டீம் பார்த்த பிரச்சனை ரொம்ப சாதாரணமானது. 1950கள்ல பிரேசில்ல முன்னூறுக்கு மேல ஊர்களுக்கு பிளேன் போய்க்கிட்டு இருந்துச்சு, எல்லாம் ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு மலிவா கிடைச்ச பழைய டிசி-3 பிளேன்கள். 60கள்ல ஏர்லைன்காரங்க பெரிய பெரிய ஜெட் வாங்க ஆரம்பிச்சாங்க, ஜெட் இறங்க நல்ல நீளமான ரன்வே வேணும், சின்ன ஊர்ல மண் ரன்வே தான், அதனால விமானம் போற ஊர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் கீழ விழுந்துருச்சு. அமேசான் காடு, பெரும் பீடபூமி, ரோடு இல்லாத மாநிலங்கள்னு கிடக்குற ஒரு நாட்டுல இது எவ்ளோ பெரிய இழப்புன்னு யோசிச்சு பாருங்க. உலகத்துல பெரிய கம்பெனிகள் எல்லாம் இன்னும் பெருசா, இன்னும் வேகமா போறத பத்தி பேசிட்டு இருந்தப்ப, இவங்க மண் ரன்வேல இறங்குற சின்ன பிளேன் ஒன்ன வரைய ஆரம்பிச்சாங்க. டிசைன தலைமை தாங்கினது மாக்ஸ் ஓல்ஸ்ட்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர். 1968 அக்டோபர் 22ல அது பறந்துச்சு. பேரு பாண்டெய்ராண்டே, பழைய காலத்துல பிரேசிலோட உள்நாட்டுக்குள்ள புகுந்து போன ஆளுங்கள அப்படித்தான் சொல்லுவாங்க.

பறந்துச்சு சரி, யாரு செஞ்சு விக்கிறது? சில்வா தொழிலதிபர்கள தேடி அலைஞ்சாரு, ஒருத்தரும் பணம் போட வரல. அப்ப தான் அந்த மூடுபனி சம்பவம், அவரே பல தடவை சொன்னது. 1969 ஏப்ரல்ல ஒரு ஞாயிறு, அதிபர் கோஸ்டா இ சில்வா குவாரட்டிங்குவேட்டாங்குற ஊருக்கு போற வழில அங்க மூடுபனி, பிளேன சாவோ ஜோசேவுக்கு திருப்பி விட்டாங்க. வரவேற்க பெரிய ஆளுங்க யாரும் ஊர்ல இல்ல, நம்ம ஓசிரெஸ் சில்வா தான் இருந்தாரு. கிடைச்ச நேரத்துல அதிபர கூட்டிட்டு போய் பாண்டெய்ராண்டேய காட்டி, இதுக்கு ஒரு அரசாங்க கம்பெனி வேணும்னு பேசி முடிச்சாரு. நாலு மாசத்துல, 1969 ஆகஸ்ட் 19, எம்ப்ரேயர் பிறந்துச்சு. பனி இல்லாட்டியும் ஒருவேளை நடந்திருக்கும், ஆனா காட்டுறதுக்கு பறக்குற பிளேன் ஒன்னு ரெடியா நின்னுச்சே, அது தான் எனக்கு முக்கியமா தெரியுது.

பணம் எப்படி வந்துச்சுங்குறது சுவாரசியமான விஷயம். அரசாங்கம் நேரா கொட்டினது கம்மி தான். பிரேசில்ல இருக்குற எந்த கம்பெனியும் தான் கட்ட வேண்டிய வருமான வரில 1 சதவீதத்த எடுத்து எம்ப்ரேயர் ஷேரா வாங்கிக்கலாம்னு சட்டம் போட்டாங்க. எப்படியும் கட்ட வேண்டிய வரி தானே, அதுல ஒரு பகுதி ஷேரா வருதுன்னா யாரு வேணாம்பாங்க, இப்படி ஆயிரக்கணக்கான கம்பெனிகள் பங்குதாரர் ஆனாங்க. கூடவே விமானப்படை 80 பாண்டெய்ராண்டேவும், இத்தாலி ஏர்மாக்கி கம்பெனி டிசைன்ல லைசென்ஸ் வாங்கி செய்யுற 112 ஷவாண்டே பயிற்சி ஜெட்டும் ஆர்டர் குடுத்துச்சு. முதல் ஆர்டர் உள்ளூர்லயே உறுதியா இருந்ததால லைன் ஓட ஆரம்பிச்சுது.

அடுத்தது அவங்க போட்ட முக்கியமான கணக்கு. எஞ்சின் நாங்க செய்ய மாட்டோம்னு முடிவு பண்ணாங்க. பாண்டெய்ராண்டேல இருந்தது கனடாவுல செய்யுற பிராட் அண்ட் விட்னி பிடி6 எஞ்சின், காக்பிட் கருவிகளும் வெளியூர் தான். டிசைன், பாடி, அசெம்பிளி, டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வாங்குறது, கஸ்டமர்கிட்ட பேசுறது, இது மட்டும் எங்களோடதுன்னு வச்சுக்கிட்டாங்க. தேசபக்தில எல்லாத்தையும் உள்நாட்டுலயே செய்வோம்னு கிளம்பியிருந்தா எஞ்சின்லயே 20 வருஷம் போயிருக்கும் (நம்ம நாட்டு சண்டை விமானத்துக்குன்னு ஆரம்பிச்சு இழுத்துக்கிட்டே போன காவேரி எஞ்சின் கதை தெரிஞ்சவங்களுக்கு இது நல்லாவே புரியும்). அதே சமயம் லைசென்ஸ் எடுக்குறதுலயும் ஏமாறல. 70கள்ல பிரேசில்ல சின்ன பிளேன் மார்க்கெட்ட அமெரிக்க செஸ்னா தான் பிடிச்சு வச்சிருந்துச்சு. அரசாங்கம் இறக்குமதி வரிய தூக்கி 50 சதவீதம் ஆக்கிட்டு, இங்க வந்து எங்களோட சேர்ந்து செய்யுங்கன்னு கூப்பிட்டுச்சு, செஸ்னா ஒத்துக்கல, இன்னொரு அமெரிக்க கம்பெனி பைப்பர் ஒத்துக்கிச்சு. பைப்பர்கிட்ட கத்துக்கிட்டது டிசைன் இல்ல, வரிசையா நிறைய பிளேன எப்படி செலவு கம்மியா செஞ்சு தள்றதுங்குறது. விமானப்படை அமெரிக்காகிட்ட எஃப்-5 சண்டை விமானம் வாங்கினப்பவும் அதுக்கு பாகம் செய்யுற வேலைய எம்ப்ரேயருக்கு குடுக்க வச்சாங்க, அதுல கத்துக்கிட்டது மெட்டல் ஒட்டுற டெக்னிக்கும் காம்போசிட் வேலையும்.

ஏற்றுமதி முதல்ல பக்கத்து வீட்டுக்கு, 1975ல உருகுவே விமானப்படைக்கு. ஆனா உலக மார்க்கெட் கதவு திறந்தது 1978ல. அந்த வருஷம் ரெண்டு விஷயம் ஒன்னா நடந்துச்சு. ஒன்னு, அமெரிக்காவோட விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, பாதுகாப்பா பறக்கும்னு பாண்டெய்ராண்டேக்கு சர்டிபிகேட் குடுத்துச்சு. ரெண்டாவது, அமெரிக்க காங்கிரஸ் ஏர்லைன் மேல இருந்த அரசு கட்டுப்பாட்ட எடுத்துச்சு, எந்த ரூட்ல யாரு வேணா பறக்கலாம், என்ன டிக்கெட் விலை வேணா வைக்கலாம்னு ஆச்சு. பெரிய ஏர்லைன்கள் லாபமில்லாத சின்ன ஊர்கள உடனே கைவிட்டாங்க, அந்த இடத்துக்கு குட்டி ஏர்லைன்கள் ஓடி வந்துச்சு, அவங்களுக்கு ஒரு குட்டி பிளேன் அவசரமா வேணும். அமெரிக்க விதிப்படி 19 சீட் வரைக்கும் கேபின் அட்டெண்டன்ட் வைக்க வேண்டியதில்ல, அதனால 19 சீட்ங்குறது அந்த பிசினஸ்ல தங்கமான நம்பர், பாண்டெய்ராண்டேவும் அந்த அளவுல தான் இருந்துச்சு. பிரேசில் மண் ரன்வேக்காக வரைஞ்ச பிளேன் அமெரிக்க சின்ன ஊர் பிரச்சனைக்கும் பொருந்தி வந்துருச்சு. மொத்தம் சுமார் 500 செஞ்சாங்க.

இதுல அதிர்ஷ்டம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா எஃப்ஏஏ சர்டிபிகேட் அதிர்ஷ்டத்துல வராது. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கணக்கு காட்டணும், டெஸ்ட் ரிப்போர்ட் காட்டணும், அத சரிபார்க்குற அளவுக்கு சொந்த நாட்டு அதிகாரிகளும் தேர்ந்திருக்கணும், சிடிஏ அந்த வேலைய தான் பண்ணுச்சு. என்-250க்கு அந்த சர்டிபிகேட் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பணம் நின்னுபோச்சு. இன்னும் கிட்டத்துல ஒரு உதாரணம் வேணும்னா ஜப்பான். மிட்சுபிஷி மாதிரி மலை மாதிரி கம்பெனி 2008ல ஒரு ரீஜனல் ஜெட், அதாவது கிட்டத்து ஊர்களுக்கு போற சின்ன ஜெட் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு, 2015ல பறக்கவும் வச்சு, சர்டிபிகேட் வேலைல திரும்பத் திரும்ப சிக்கி, 2023ல மொத்தமா கைவிட்டுட்டாங்க. பணமும் இருக்கு, இன்ஜினியரும் இருக்காங்க, ஆனாலும் முடியல. பிளேன் செய்யுறதுல பறக்க வைக்குறது தான் கஷ்டம்னு வெளிய இருந்து பார்க்குறவங்க நினைக்குறாங்க, பறந்ததுக்கு அப்புறம் வர்ற பேப்பர் வேலை அத விட பெரிய மலை.

அமெரிக்கால விக்க ஆரம்பிச்ச உடனே எதிர்ப்பும் வந்துச்சு. ஃபேர்சைல்டுனு போட்டி கம்பெனி 1982ல பிரேசில் அரசாங்கம் மானியம் குடுக்குதுன்னு அமெரிக்க வர்த்தக கமிஷன்ல புகார் பண்ணுச்சு, எடுபடல. அதுக்குள்ள எம்ப்ரேயர் அடுத்த பிளேன் பிரசிலியாவ ரெடி பண்ணிருச்சு, 30 சீட், உள்ள காத்தழுத்தம் சீரா இருக்குற கேபின், 1983ல முதல் பறப்பு, 1985ல அமெரிக்க ஏர்லைன்ல சர்வீஸ், மொத்தம் சுமார் 350. ராணுவ பக்கம் துக்கானோ பயிற்சி விமானத்த பிரிட்டன் ராயல் ஏர்ஃபோர்ஸே எடுத்துச்சு, வடக்கு அயர்லாந்துல ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கி செஞ்சு குடுத்தாங்க. பிரேசில் டிசைனுக்கு பிரிட்டிஷ்காரங்க லைசென்ஸ் காசு கட்டினாங்கங்குறத சாவோ ஜோசே ஊர்க்காரங்க இன்னிக்கும் பெருமையா சொல்லுவாங்க, சொல்ல வேண்டியது தான்.

இவ்ளோ நல்லா போனது எப்படி கவிழ்ந்துச்சு? அர்ஜென்டினா கூட சேர்ந்து வெக்டர்னு 19 சீட் பிளேன் ஒன்னு செஞ்சாங்க. ப்ரொப்பெல்லர் பின்னாடி இருந்து தள்ளும், உள்ள சத்தம் ரொம்ப கம்மி, வேகம் ஜாஸ்தி, 1990ல பறந்துச்சு, பார்க்க இன்னிக்கும் அவ்ளோ அழகா இருக்கும். ஆனா 19 சீட் பிளேன் வாங்குற ஏர்லைன்காரர் குடுக்கத் தயாரா இல்லாத விலை. இன்ஜினியருக்கு பிடிச்ச பிளேன், ரெண்டு நாட்டு அரசாங்கத்துக்கும் பிடிச்ச பிளேன், வாங்குறவர யாரும் கேக்கல. ஒன்னு கூட விக்கல. அதே நேரம் இத்தாலி கூட சேர்ந்த ஏஎம்எக்ஸ் சண்டை விமானம் பணத்த தின்னுச்சு, பனிப்போர் முடிஞ்சு ராணுவ ஆர்டர் காஞ்சுபோச்சு, பிரேசில்ல 1990 மார்ச்ல பணவீக்கம் ஒரே மாசத்துல 80 சதவீதத்துக்கு மேல, புது அரசாங்கம் வந்து ஜனங்களோட பேங்க் பணத்தையே முடக்கி வச்சாங்க. கஸ்டமர்களுக்கு கடன் குடுத்து உதவுற ஏற்றுமதி நிதித் திட்டமும் நின்னுச்சு. 12,000க்கு மேல ஆளுங்க வேலை பார்த்த கம்பெனில 1990ல மட்டும் சுமார் 4,000 பேர வெளிய அனுப்பினாங்க, 1994க்குள்ள மொத்தம் பாதியா குறைஞ்சுது. சாவோ ஜோசே முழுக்க அந்த கம்பெனிய நம்பி இருந்த ஊரு, ஐடிஏல படிச்ச இன்ஜினியர்கள் வேற வேற தொழிலுக்கும் வெளிநாட்டுக்கும் போனாங்க. வெற்றிக் கதைகள்ல இந்தப் பகுதிய ஒரு வரில தாண்டிடறாங்க, அந்தக் குடும்பங்களுக்கு அது ஒரு வரி இல்ல.

1991ல சில்வா திரும்ப வந்தாரு, இந்த தடவை கம்பெனிய தனியாருக்கு தயார் பண்ண. தான் ஆரம்பிச்ச அரசாங்க கம்பெனிய தானே விக்க நிக்கிறது சுலபமான காரியமா இருந்திருக்காது, யூனியன் கடுமையா எதிர்த்துச்சு. 1994 டிசம்பர் 7ல ஏலம், பொசானோ சிமோன்சன் பேங்கும் பிரெவி, சிஸ்டெல்ங்குற ஊழியர் பென்ஷன் ஃபண்டுகளும் சேர்ந்து வாங்கினாங்க. அரசாங்கம் ஒரே ஒரு 'தங்க ஷேர்' வச்சுக்கிச்சு, கம்பெனி கை மாறுறது, ராணுவ ப்ராஜெக்ட் மாதிரி விஷயத்துல வீட்டோ போடுற உரிமை. 1995ல தலைவரா வந்த மவுரிசியோ போட்டெல்யோ கம்பெனிய ஏர்லைன்காரங்க பேச்ச கேக்குற கம்பெனியா மாத்தினாரு.

இங்க தான் எனக்கு 'தனியார்மயம் காப்பாத்துச்சு'ங்குற வாதத்தோட ஒத்துப்போக முடியல. கம்பெனிய நிமிர்த்தின ஈஆர்ஜே-145 தனியார் ஆளுங்க கண்டுபிடிச்சது இல்ல, 1989லயே அரசாங்க கம்பெனியா இருந்தப்ப ஆரம்பிச்ச டிசைன். முதல்ல எஞ்சின றெக்கை மேல வச்சாங்க, அப்புறம் றெக்கைக்கு கீழ, கடைசில வால் பக்கத்துல வச்சாங்க. பாடி குறுக்களவு பிரசிலியாவோடது தான், ஒரு பக்கம் ஒன்னு மறுபக்கம் ரெண்டுன்னு சீட். பணம் இல்லாத அந்த மோசமான வருஷங்கள்ல தான் அவங்க ரிஸ்க் பங்காளி முறைய கொண்டு வந்தாங்க: ஸ்பெயின் கமேசா றெக்கை செய்யும், பெல்ஜியம் சோனாகா பாடில ஒரு பகுதி, சிலி எனேர் வால் பகுதி, அமெரிக்க சி அண்ட் டி உள்ள இருக்குற சீட், கேபின். சப்ளை பண்ணிட்டு பில் போடுறது கிடையாது, டெவலப்மென்ட் செலவையும் போடணும், பிளேன் வித்தா தான் காசு வரும். தனியார் முதலாளி கொண்டுவந்தது அத முடிக்க வேண்டிய பணமும், வாங்குறவர் என்ன சொல்றாருன்னு கேக்குற பழக்கமும். ரெண்டும் வேணும் தான். ஆனா 45 வருஷம் அரசாங்க செலவுல வளர்ந்த இன்ஜினியர் கூட்டம் இல்லாம அந்த ஏலத்துல விக்க என்ன இருந்திருக்கும்?

1996ல அமெரிக்காவுல கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 25 பிளேன் உறுதியா, கூட 175 பிளேன பின்னாடி வேணும்னா வாங்கிக்கலாம்ங்குற ஆப்ஷன்னு ஆர்டர் போட்டுச்சு. கம்பெனி பிழைச்சுக்கிச்சு. 1999ல இருந்து 2001 வரைக்கும் பிரேசிலோட நம்பர் 1 ஏற்றுமதி கம்பெனி எம்ப்ரேயர் தான், காபியும் சோயாவும் இரும்புத் தாதுவும் விக்கிற நாட்டுல. இதுலயும் ஒரு மறுபக்கம் இருக்கு, எஞ்சின், எலக்ட்ரானிக்ஸ், றெக்கைன்னு நிறைய பாகம் வெளிய இருந்து வர்றதால ஏற்றுமதி கூட கூட இறக்குமதியும் கூடுச்சு, உள்ளூர்ல சப்ளை பண்ற சின்ன கம்பெனிகள் எதிர்பார்த்த அளவுக்கு வளரவே இல்ல. அங்க பொருளாதாரக்காரங்க இத பல வருஷமா குறையா சொல்றாங்க, நியாயமான குறை தான்.

கனடாவோட பம்பார்டியருக்கு இது பிடிக்கல. 50 சீட் ஜெட்ட முதல்ல கொண்டு வந்தது அவங்க, 1992லயே சர்வீஸ்ல இருந்துச்சு. பிரேசில்ல வட்டி ஜாஸ்தி, அதனால வெளிநாட்டு கஸ்டமரோட கடன் வட்டில ஒரு பகுதிய புரோஎக்ஸ்ங்குற திட்டத்துல அரசாங்கமே ஏத்துக்கும். கனடா உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டுச்சு, பிரேசில் திருப்பி உங்க மானியம் மட்டும் என்னன்னு கேஸ் போட்டுச்சு. ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க, ரெண்டு பேரும் தோத்தாங்க. 2000ல பிரேசில் மேல வருஷத்துக்கு 34.4 கோடி கனடா டாலர் அளவுக்கு பதிலடி எடுக்க கனடாவுக்கு அனுமதி கிடைச்சுது, 2003ல பிரேசிலுக்கும் அதே மாதிரி 24.8 கோடி அமெரிக்க டாலருக்கு. நடுவுல 2001 பிப்ரவரில கனடா திடீர்னு மாட்டு நோய காரணம் காட்டி பிரேசில் மாட்டிறைச்சிக்கு தடை போட, இது பிளேன் சண்டைக்கு பழிவாங்குறதுன்னு பிரேசில் தெருவுல இறங்குச்சு. சில வாரத்துல தடைய எடுத்துட்டாங்க. இன்னிக்கு நிலவரம் என்னன்னா பம்பார்டியர் பயணிகள் விமானத் தொழில்லயே இல்ல, பெரிய ஜெட் ப்ராஜெக்ட் ஏர்பஸ்ஸுக்கு போய் ஏ220 ஆச்சு, சின்ன ஜெட் 2020ல மிட்சுபிஷிக்கு போச்சு.

பம்பார்டியர் வழுக்கின இடமும் எம்ப்ரேயர் ஏறின இடமும் ஒன்னு தான். 90கள் கடைசில 70ல இருந்து 110 சீட் வரைக்கும் ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு, போயிங் 737 போட்டா பாதி சீட் காலியா போகும், 50 சீட் ஜெட் போட்டா பத்தாது. கனடாக்காரங்க இருக்குற பிளேன நீட்டி நீட்டி அந்த இடத்த அடைக்கப் பார்த்தாங்க. எம்ப்ரேயர் 1999ல புதுசாவே ஒன்னு வரைய ஆரம்பிச்சுது, அதான் இ-ஜெட் குடும்பம், 170, 175, 190, 195. பாடியோட குறுக்கு வெட்டு வட்டமா இருக்காது, ரெண்டு வட்டத்த ஒன்னு மேல ஒன்னு வச்சு இழுத்த மாதிரி, அதனால ஆள் உட்கார்ற உயரத்துல அகலம் ஜாஸ்தி, நடு சீட்டே கிடையாது, ரெண்டு ரெண்டா தான். 2004ல போலந்து ஏர்லைன் முதல்ல பறக்க விட்டுச்சு. இதுவரைக்கும் 1,500க்கும் மேல குடுத்திருக்காங்க.

இந்த பிளேன நம்மூர்க்காரங்க நிறைய பேர் ஏறியிருப்பீங்க, என்ன பிளேன்னு தெரியாம. 2005ல சென்னைய தலைமையிடமா வச்சு பாரமவுண்ட் ஏர்வேஸ் ஆரம்பிச்சப்ப இ-170, இ-175 தான் வச்சிருந்தாங்க, சென்னை, மதுரை, கோயம்புத்தூர்னு பறந்துச்சு. நான் மதுரைல இருந்து சென்னைக்கு அதுல போனப்ப என் பக்கத்துல உட்கார்ந்த பெரியவர் ஜன்னல தட்டிப் பார்த்துட்டு "தம்பி இது அமெரிக்கா பிளேனா"ன்னு கேட்டாரு, நான் பிரேசில்ங்க ஐயான்னு சொன்னதும் "ஃபுட்பால் பிரேசிலா"ன்னு அப்படி ஒரு ஆச்சரியம் அவருக்கு. அந்த ஏர்லைன் 2010லயே நின்னுபோச்சு, எனக்கு அந்தப் பெரியவர் முகம் மறக்கல.

இ-175 ஏன் இன்னிக்கும் விக்குதுங்குறதுக்கு பின்னாடி ஒரு வினோதமான காரணம். அமெரிக்க பெரிய ஏர்லைன்கள் தங்களோட பைலட் யூனியன் கூட போட்ட ஒப்பந்தத்துல 'ஸ்கோப்'னு ஒரு பிரிவு இருக்கு. சம்பளம் கம்மியான சின்ன ஏர்லைன் பைலட்ட வச்சு ஓட்டணும்னா பிளேன்ல 76 சீட்டுக்கு மேல இருக்கக்கூடாது, எடை 86,000 பவுண்டுக்குள்ள, அதாவது சுமார் 39 டன்னுக்குள்ள இருக்கணும். இ-175 இதுக்குள்ள சரியா அடங்கும். புது எஞ்சின் போட்ட அடுத்த தலைமுறை இ-175 எடை கூடிருச்சு, எண்ணெய் கம்மியா குடிச்சாலும் அமெரிக்காவுல விக்க முடியல, நிறுத்தி வச்சிருக்காங்க. யூனியன் விதி தளரும்னு நம்பி போட்ட கணக்கு அது, விதி தளரல, மிட்சுபிஷியும் இதே நம்பிக்கைல தான் தன் பெரிய மாடல வரைஞ்சுது. பழைய மாடல் தான் அங்க ராஜா.

2018ல போயிங் வந்துச்சு, பயணிகள் விமானப் பிரிவுல 80 சதவீதத்த 420 கோடி டாலருக்கு வாங்குறோம்னு. ஏர்பஸ் ஏ220 எடுத்ததுக்கு பதில் நடவடிக்கை அது. எம்ப்ரேயர் அந்தப் பிரிவ தனியா பிரிச்சு எடுக்க ஏகப்பட்ட செலவு பண்ணி முடிச்சுது, 2020 ஏப்ரல் 25ல போயிங் ஒப்பந்தத்த ரத்து பண்ணிட்டு போயிருச்சு. அவங்களோட 737 மேக்ஸ் பிளேன் விபத்துகள், கொரோனா எல்லாம் சேர்ந்து போயிங் தலைக்கு மேல வெள்ளம் போன நேரம். பல வருஷ நடுவர் வழக்குக்கு அப்புறம் 2024ல போயிங் 15 கோடி டாலர் குடுத்துச்சு. அப்ப எல்லாரும் எம்ப்ரேயர் கதை முடிஞ்சுதுன்னாங்க. எனக்கு இப்ப பார்த்தா அந்த ரத்து அவங்களுக்கு கிடைச்ச பெரிய விடுதலையா தெரியுது, அடுத்து என்ன பிளேன் வரையணும்னு முடிவு பண்ற உரிமை சாவோ ஜோசேலயே தங்கிருச்சு.

இந்தியா சம்பந்தமும் சொல்லணும், அதுல கறையும் இருக்கு. நம்ம டிஆர்டிஓ செஞ்ச 'நேத்ரா' ரேடார் விமானம் பறக்குறது எம்ப்ரேயர் 145 மேல தான், 2008ல மூணு பிளேனுக்கு போட்ட ஒப்பந்தம். அதுல இடைத்தரகருக்கு கமிஷன் போனது அமெரிக்க விசாரணைல வெளிய வந்துச்சு, டொமினிக்கன் குடியரசு, சவுதி, மொசாம்பிக் விவகாரங்களையும் சேர்த்து 2016ல எம்ப்ரேயர் ஒத்துக்கிட்டு 20 கோடி டாலருக்கு மேல கட்டுச்சு. நல்ல பிளேன் செய்யுற கம்பெனி இத பண்ணுச்சுங்குறது அவங்கள மதிக்கிற எனக்கு வலிக்குது, மறைக்க ஒன்னுமில்ல.

இப்ப அவங்க கைல இருக்குறது சி-390 மில்லேனியம், 26 டன் தூக்குற ராணுவ சரக்கு ஜெட். இதுவரைக்கும் காலி இடம் தேடிப் போனவங்க முதல் தடவையா ஒருத்தர் உட்கார்ந்திருக்குற நாற்காலிக்கு நேரா போறாங்க, அமெரிக்காவோட ஹெர்குலிஸ் சரக்கு விமானம் 1950கள்ல இருந்து அசையாம இருக்குற நாற்காலி அது. 2015ல முதல் பறப்பு, 2019ல பிரேசில் விமானப்படைல சேர்ந்துச்சு. இதுலயும் பழைய கணக்கு தான், எஞ்சின் ஏர்பஸ் ஏ320ல ஓடி ஓடி நிரூபிச்ச வி2500, பாகம் போர்ச்சுகல், செக், அர்ஜென்டினாவுல இருந்து, எந்த நாட்டுக்கு பிளேன் விக்கணுமோ அந்த நாட்டுக்கும் கொஞ்சம் வேலை. போர்ச்சுகல், ஹங்கேரி, நெதர்லாந்து, ஆஸ்திரியா, செக், ஸ்வீடன், தென்கொரியான்னு வரிசையா எடுத்திருக்காங்க. நம்ம விமானப்படையோட பழைய ஏஎன்-32 சரக்கு விமானத்துக்கு மாத்து தேடுறப்ப இந்த பிளேனும் போட்டில இருக்கு, 2024 பிப்ரவரில மஹிந்திராவோட எம்ப்ரேயர் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கு. அங்க பேச்சுவார்த்தைல உட்கார்ற நம்ம ஆளுங்ககிட்ட, செஸ்னா கிளம்பிப் போனாலும் பரவால்லன்னு பைப்பர கூட்டிட்டு வந்த அந்த 70கள் பிரேசில் ஆபீசர்கள் என்னென்ன கேட்டு வாங்கினாங்கன்னு யாராவது எடுத்துக் காட்டினா நல்லா இருக்கும்.